புது டயர் மாட்டியபின் வண்டி தொல்லை கொடுத்தால்: பைபாஸில் ஒரு சோதனை, ஏற்காடு மலையில் ஒரு சோதனை

"டயர் மாத்துனதில இருந்து வண்டி சரியில்லைங்க" என்று வருகிறவரிடம், விவரம் தெரிந்த மெக்கானிக் முதலில் கேட்பது என்ன கம்பெனி டயர் என்று இல்லை. "எங்க போறப்போ தெரியுது?" என்றுதான் கேட்பார். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சேலத்துக்காரர்கள் இந்தச் சோதனைக்காக வெளியூர் போக வேண்டியதில்லை. சீலநாயக்கன்பட்டி பக்கம் பைபாஸில் ஏறினால் நீளமான நேர்ச்சாலை. அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் போனால், அங்கிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். நேர்ச்சாலையில் வேகம் பிடித்ததும் தெரிகிற குறை, பெரும்பாலும் மாட்டியதில் வந்த குறை: பேலன்சிங் (வீலின் எடைச் சமன்), ஹப் (வீல் உட்காரும் நடுப்பாகம்), நட்டு, அலைன்மென்ட் (வீல்கள் நிற்கும் கோணம்). மலையில் மட்டும் தலைகாட்டுகிற குறை, பெரும்பாலும் தேர்ந்தெடுத்ததில் வந்த குறை: அகலம், விட்டம், ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கிறது என்பது), சுமை. முதல் வகை கடைக்கு இன்னொரு தடவை போனால் சரியாகிவிடும். இரண்டாவது வகைக்கு டயரையோ ரிம்மையோ மாற்றாமல் விடிவு இல்லை. அதனால் எது எந்த வகை என்று பிரித்துப் பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

முதலில் மூன்று இடத்தைப் படியுங்கள்

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கம்பெனி ஒப்புக்கொண்ட டயர் சைஸும், ஆள் குறைவாக இருக்கும்போது எவ்வளவு காற்று, முழுச் சுமைக்கு எவ்வளவு காற்று என்பதும் அதில் உண்டு. போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் டயரின் பக்கச்சுவர். 185/65 ஆர்15 88எச் என்று இருந்தால்: அகலம் 185 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம்; ரேடியல் டயர்; 15 அங்குல ரிம்முக்கானது; 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு; எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. அதே பக்கத்தில் டாட் என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த தேதி. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

மூன்றாவது ரிம்மின் பின்பக்கம். 6ஜே, ஈடி45 என்பது போல வார்த்திருப்பார்கள் அல்லது குத்தியிருப்பார்கள். 6ஜே ரிம்மின் அகலம், அங்குலக் கணக்கில். ஈடி45 என்பது ஆஃப்செட்: வண்டியின் ஹப்பில் உட்காரும் முகம், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து 45 மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்று அர்த்தம். இந்த எண் குறையக் குறைய வீல் வெளியே வரும்.

ஒரே ஒரு கணக்கு தெரிந்தால் போதும். அகலத்தைச் சதவீதத்தால் பெருக்கி, இரண்டால் பெருக்கி, அதோடு ரிம் அங்குலத்தை 25.4ஆல் பெருக்கிக் கூட்டினால் டயரின் முழு விட்டம். 185/65 ஆர்15க்கு 621.5 மி.மீ. வரும். 165/80 ஆர்14க்கு 619.6. இரண்டுக்கும் வித்தியாசம் 2 மி.மீ. கூட இல்லை. மாருதி ஸ்விஃப்ட்டின் கீழ் வேரியன்ட் ஒன்றிலும், மேல் வேரியன்ட் இன்னொன்றிலும் ஓடுவதன் ரகசியம் இதுதான். 195/55 ஆர்16க்குப் போட்டுப் பார்த்தால் 620.9. ரிம் பெரிதாகப் பெரிதாகப் பக்கச்சுவர் குறைகிறதே தவிர, மொத்த உயரம் அப்படியே நிற்கிறது. விட்டத்தில் ஏறக்குறைய 2 சதவீதத்துக்குள் நின்றுகொண்டால் பாதித் தொல்லை வராது.

கொண்டை ஊசி வளைவில் கரகரவென்று உரசுகிறது

அதிகமாக வருகிற புகார் இதுதான். கடையில் மாட்டித் தெருவில் ஒரு சுற்று ஓட்டியபோது எதுவும் தெரிந்திருக்காது. ஐந்து பேர் உட்கார்ந்து, பின்னால் பெட்டி படுக்கை ஏற்றி, ஏற்றத்தில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து, வண்டியின் எடை ஒரு பக்கமாகச் சாயும்போதுதான் டயரின் தோள் உள்ளே எதையோ தொடும். கடைத் தரையில் ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. தூக்கியவுடன் சஸ்பென்ஷன் கீழே தொங்கி, இடைவெளி கூடிவிடும்.

எங்கே தொடுகிறது என்று கண்டுபிடிக்க சாக்பீஸ் போதும். பட்டன் (தரையைத் தொடும் மேடு பள்ள வடிவம்) முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் விளிம்பு இருக்கிறதே, அதில் ஒரு விரல் அகலத்துக்குச் சுற்றிலும் சாக்பீஸைத் தேயுங்கள். உள்பக்க விளிம்புக்கும் கையை விட்டுத் தேய்க்க வேண்டும். ஆட்களை ஏற்றிக்கொண்டு, காலியான மைதானத்தில் இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து மெதுவாக வட்டம் அடியுங்கள். மேடு பள்ளமான மைதானமாக இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம் இறங்கிப் பாருங்கள். டயரில் சாக்பீஸ் அழிந்திருப்பதை நம்ப வேண்டாம், தரையே துடைத்திருக்கும். எதிர்ப்பக்கத்தில் வெள்ளை எங்கே ஒட்டியிருக்கிறது என்பதுதான் விஷயம்.

மட்கார்டின் வெளி விளிம்பிலோ பம்பரின் மூலையிலோ வெள்ளை இருந்தால் வீல் வெளியே வந்துவிட்டது. ஆஃப்செட் குறைந்த அலாய் ரிம் மாட்டினால் இதுதான் நடக்கும். உள்ளே ஷாக் அப்சார்பர் பக்கமோ சட்டத்திலோ இருந்தால் டயர் அகலம் கூடிவிட்டது, அல்லது ஆஃப்செட் அதிகம். மேலே லைனரின் (மட்கார்டின் உள்பக்கப் பிளாஸ்டிக் உறை) கூரையில் இருந்தால் விட்டம் பெரிது. ஷாக் அப்சார்பர் தளர்ந்து வண்டி கீழே உட்கார்ந்துவிட்டாலும் அங்கேதான் தொடும்.

அகலத்தையும் ஆஃப்செட்டையும் சேர்த்துப் பார்க்காமல் வாங்குவதுதான் இங்கே மூல வினை. 185 டயர், ஈடி45 ரிம்மிலிருந்து 205 டயர், ஈடி38 ரிம்முக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். டயர் 20 மி.மீ. அகலம் கூடுகிறது, ஒவ்வொரு பக்கமும் 10. ஆஃப்செட் 7 குறைந்ததால் வீல் மொத்தமாக 7 மி.மீ. வெளியே நகர்கிறது. ஆக வெளிப்பக்கம் 17 மி.மீ. துருத்திக்கொண்டு வரும், உள்பக்கம் 3 மி.மீ. மட்டும் நெருங்கும். "20 மி.மீ. தானே" என்று கேட்கும்போது சின்னதாகத் தெரியும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள், 17 மி.மீ. எவ்வளவு பெரிது என்று புரியும்.

இதற்குக் கடைவீதியில் கிடைக்கும் குறுக்கு வழிகள் எதுவும் எனக்குப் பிடிக்காது. லைனரை வெட்டினால் மழைத்தண்ணீரும் சேறும் நேராக வயரிங் பக்கம் போகும். மட்கார்டு விளிம்பை அடித்து மடக்கினால் பெயின்ட் வெடித்துத் துரு பிடிக்கும். உள்பக்கம் தொடுகிறது என்று ஸ்பேசர் வைத்தால், நட்டு போல்ட்டில் பிடிக்கும் மரை குறையும். 20 வளைவு ஏறி இறங்கும் வண்டிக்கு அது விளையாட்டில்லை. சரியான வழி ஒன்றுதான்: பழைய அகலத்துக்குத் திரும்புவது, அல்லது கம்பெனி ரிம்முக்குப் பக்கத்தில் ஆஃப்செட் உள்ள ரிம் வாங்குவது. அதுவரை உள்பக்கம் உரசும் வண்டியை மலைக்கு எடுத்துப் போக வேண்டாம். பக்கச்சுவர் அறுபட்டாலும் ஆபத்து, பிரேக் ஹோஸ் அறுபட்டாலும் ஆபத்து.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது என்கிறது. உங்கள் மாடலின் இன்னொரு வேரியன்ட்டுக்குக் கம்பெனியே தருகிற சைஸுக்கு மாறுவது ஒன்று, வெளியே பார்த்து ஆசைப்பட்டு எதையோ மாட்டுவது வேறொன்று. அலாய் போட்டால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

பைபாஸில் 80 தாண்டினால் உதறுகிறது

முதலில், உதறல் எங்கே தெரிகிறது? ஸ்டீயரிங்கில் என்றால் முன் வீல். சீட்டில், தரையில் என்றால் பின் வீல். எப்போதும் இல்லாமல் பிரேக் பிடிக்கும்போது மட்டும் உதறினால் அது டயர் விவகாரமே இல்லை. ஏற்காடு இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்து இறக்கியதில் டிஸ்க் சூடாகிக் கோணியிருக்கலாம். டயர் கடையை விட்டுவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள்.

ஒரு வேகத்தில் தொடங்கி, இன்னும் வேகம் கூட்டினால் குறைந்துவிடுகிறது என்றால் பேலன்சிங்தான். அலாயில் உள்பக்கம் ஒட்டும் ஈய வெயிட், ரிம்மைச் சுத்தமாகத் துடைக்காமல் ஒட்டியிருந்தால் வாட்டர் சர்வீஸில் விழுந்துவிடும். பழைய ஒட்டுப் பசையின் கறுப்புத் தடம் மட்டும் இருந்து வெயிட் இல்லை என்றால் கேள்வியே வேண்டாம், மறுபடி பேலன்ஸ் பண்ணினால் சரியாகிவிடும்.

பேலன்ஸ் செய்தும் உதறல் போகவில்லையா? இங்கேதான் பலரும் டயரைத் திட்ட ஆரம்பிக்கிறார்கள். ஹப் ஓட்டையைப் பாருங்கள். ஸ்விஃப்ட்டின் ஹப் 54.1 மி.மீ. வெளியே விற்கும் அலாய்கள் பல வண்டிக்கும் பொருந்தட்டும் என்று 67.1, 73.1 என்று பெரிய ஓட்டையோடு வரும். நடுவில் பொருத்த ஒரு வளையம் வேண்டும். அது இல்லாவிட்டால் வீல் நட்டுகளின் தயவில் மட்டும் நடுவே நிற்கிறது. ஒரு மி.மீ.யில் சின்னப் பங்கு விலகினாலும் 90இல் கைக்குத் தெரியும். பேலன்சிங் மெஷினில் வீல் தன் மையத்தில் சுற்றுவதால், அங்கே எல்லாம் சரி என்றுதான் காட்டும். "மெஷின்ல ஜீரோ வருதுங்களே" என்று கடைக்காரர் சொல்வதும் உண்மை, உங்கள் கை உதறுவதும் உண்மை. ஸ்விஃப்ட்டுக்கு, அலாயின் ஓட்டை 73.1 என்றால் 73.1க்கு 54.1 வளையம், 67.1 என்றால் 67.1க்கு 54.1 வளையம் கேட்டு வாங்கி மாட்டச் சொல்லுங்கள்.

அடுத்து நட்டு. பிசிடி (நட்டுகளின் எண்ணிக்கையும், அவை நிற்கும் வட்டத்தின் விட்டமும்) 4க்கு 100 என்று மாருதிக்கும் ஹோண்டா சிட்டிக்கும் ஒன்றாக இருக்கலாம், நட்டு ஒன்று இல்லை. மாருதியில் எம்12, மரை இடைவெளி 1.25, ஹோண்டா, ஹூண்டாயில் 1.5. இதை மாற்றி மாட்ட முயன்றால் இரண்டு சுற்றிலேயே இறுகும். இறுகியதை, நட்டு முடுக்கும் கன் மெஷினில் வைத்து அழுத்தினால் மரை போய்விடும். நட்டு உட்காரும் முகமும் வேறு: ஹோண்டாவின் கம்பெனி நட்டு உருண்டை முகம், வெளி அலாய்களுக்குப் பெரும்பாலும் கூம்பு முகம். உருண்டை நட்டைக் கூம்புக் குழியில் முடுக்கினால் ஒரு கோட்டில் மட்டும் தொட்டு நிற்கும். சில நாளில் தளரும். எந்த அலாயாக இருந்தாலும், மாட்டி 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து மறுபடி முடுக்கிவிடுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் டயர் ரிம்மில் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ரிம்மை ஒட்டிப் பக்கச்சுவரில் ஒரு மெல்லிய கோடு சுற்றிலும் ஓடும். ரிம் விளிம்புக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு இடத்தில் கோடு உள்ளே மறைந்தால் காற்றை இறக்கி, சோப்பு போட்டு மறுபடி ஏற்ற வேண்டும். கடைசியாகத்தான் ரிம் வளைவும் டயரின் குறையும்.

கையை விட்டால் ஒரு பக்கம் இழுக்கிறது

லேசாக இடது பக்கம் போவது குறையே இல்லை. மழைநீர் வடிய நம் சாலைகள் இடப்பக்கம் சாய்ந்துதான் இருக்கும். சாலை காலியாக இருக்கும் நேரத்தில் நடுப்பகுதியில் ஓட்டிப் பார்த்தும் இழுத்தால்தான் மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

காற்றளவை முதலில் பாருங்கள். சரியாக இருந்தால், முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போடுங்கள். இழுக்கும் திசை மாறினால் டயர்தான் காரணம், கடையில் மாற்றித் தரச் சொல்லலாம். அதே பக்கமே இழுத்தால் அலைன்மென்ட், அல்லது ஒரு பக்க பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. பக்கச்சுவரில் அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் இந்த இட மாற்றம் செய்யக் கூடாது; அது ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும்.

அலைன்மென்ட் செய்யச் சொல்லும் முன் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராடு முனை ஆடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆடுகிற பாகத்தை வைத்து அலைன்மென்ட் செய்தால், கடை வாசலைத் தாண்டுவதற்குள் அளவு மாறிவிடும். முடிந்ததும் முன்னளவும் பின்னளவும் அச்சடித்த தாளைக் கேட்டு வாங்குங்கள்.

ஏற்றத்தில் இழுவை இல்லை, மைலேஜும் குறைந்துவிட்டது

185/65 ஆர்15 இருந்த இடத்தில் 205/65 ஆர்15 போட்டால் வண்டி எடுப்பாகத்தான் நிற்கும். கணக்குப் போட்டால் விட்டம் 647.5 மி.மீ., அதாவது 4 சதவீதம் கூடிவிட்டது. கியர் எல்லாம் 4 சதவீதம் நீண்ட மாதிரிதான். முன்பு இரண்டாவது கியரில் அலட்டிக்கொள்ளாமல் ஏறிய வளைவில் இப்போது முதல் கியர் தேடும். டயரும் ரிம்மும் எடை கூடியிருந்தால் இன்னும் மோசம்.

ஸ்பீடோமீட்டரும் ஏமாற்றும். டயர் பெரிதானால் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது. 100 காட்டும்போது முன்பைவிட 4 கி.மீ. வேகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். கம்பெனி மீட்டர் வழக்கமாக நிஜ வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும்படி இருப்பதால், அந்தத் தாராளத்தை இந்த மாற்றம் தின்றுவிடும். போனில் ஜிபிஎஸ் வேகம் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மைலேஜ் விஷயத்தில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஓடிய கி.மீ. மீட்டரும் அதே கணக்கில் குறைத்துத்தான் எண்ணும். நிஜமாக 416 கி.மீ. ஓடியிருந்தாலும் 400 என்று காட்டும். அதை வைத்து லிட்டருக்கு வகுத்தால் குறையத்தான் செய்யும். மைலேஜ் போச்சு என்று புலம்பும் முன் 4 சதவீதத்தைக் கூட்டிப் பாருங்கள். மிச்சம் இருக்கும் குறைவுதான் டயர் அகலத்தாலும் எடையாலும் வந்தது.

வளைவில் வண்டி அலைகிறது, மழையில் வழுக்குகிறது

குறுகிய ரிம்மில் அகல டயர் ஏற்றினால் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி நிற்கும். 195/55 ஆர்16க்கு 5ஜே ரிம் போதாது, குறைந்தது 5.5 வேண்டும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதற்கும் வண்டி திரும்புவதற்கும் நடுவே ஒரு தாமதம் இருந்தால் சந்தேகம் இங்கே போகட்டும். காற்று குறைவாக இருந்தாலும் இதே உணர்வுதான், அதனால் அதை முதலில் ஒதுக்கிவிடுங்கள்.

சுமைக் குறியீட்டையும் பாருங்கள். 165/80 ஆர்14இல் 85 இருந்தது, அது 515 கிலோ. விலை குறைகிறது என்று 82 குறியீட்டுக்கு இறங்கினால் 475 கிலோ. நாலு டயருக்குக் கணக்குப் போட்டால் 160 கிலோ தாங்கும் திறன் போய்விட்டது. ஊருக்குள் ஓட்டும்போது தெரியாது. கோடை விழாக் கூட்டத்தில் குடும்பத்தோடு ஏறி, முதல் கியரில் ஊர்ந்து, பிரேக் பிடித்துப் பிடித்து இறங்கும்போது டயர் படும் பாடு வேறு.

மழை வழுக்கலுக்கு இன்னும் மூன்று காரணம். புது டயரின் மேல்தோல் முதல் சில நூறு கி.மீ.க்கு வழவழப்பாக இருக்கும், அதுவரை நிதானம் வேண்டும். அல்லது கடையில் பல வருஷம் கிடந்த டயரை உங்கள் தலையில் கட்டியிருப்பார்கள். தேதி இலக்கத்தைப் பாருங்கள். அல்லது இரண்டு டயர் மட்டும் வாங்கி, புதுசை முன்னால் போட்டிருப்பீர்கள். இரண்டு மட்டும் மாற்றினால் புதுசு பின்னால் போக வேண்டும். முன்னால் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். ஈரமான இறக்கத்தில், பனி மூடிய வளைவில் பின்பக்கம் சுழன்றால் பழக்கப்பட்ட டிரைவருக்கும் கஷ்டம். "முன் டயர்தானே தேயுது, புதுசை அங்க போடுங்க" என்று சொல்வது நம் ஊரில் வழக்கம். தேய்மானத்துக்கு அது சரி, பிடிப்புக்குச் சரியில்லை.

காற்று விளக்கு எரிகிறது, அளவு மாறி மாறிக் காட்டுகிறது

டயர் மாற்றியவுடன் விளக்கு எரிந்தால், உங்கள் வண்டியில் எந்த வகைக் கண்காணிப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். சில வண்டிகள் வீல் சுற்றும் வேகத்தை ஒப்பிட்டே காற்றைக் கணிக்கின்றன. அவற்றுக்குக் காற்றைச் சரிசெய்துவிட்டு ரீசெட் கொடுத்தால் போதும். முன்னும் பின்னும் வேறு வேறு சைஸ் போட்டால் இந்த வகை குழம்பும், ஏபிஎஸ்ஸும் சேர்ந்து குழம்பலாம். மற்ற வகையில் வால்வோடு சென்சார் இருக்கும். புது ரிம்முக்கு அதை மாற்றிப் பொருத்த மறந்தாலோ, டயர் கழற்றும்போது உடைந்தாலோ விளக்கு அணையாது.

மலைக்குப் போனால் காற்று கூடுமா குறையுமா என்று கேட்பார்கள். சேலம் கடல் மட்டத்துக்கு மேல் 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், டயருக்குள் எதுவும் மாறாமலே கேஜில் சுமார் 2 பிஎஸ்ஐ கூடிக் காட்டும். ஆனால் கீழே 38 டிகிரி வெயிலில் நிரப்பிய டயர், மேலே 25 டிகிரிக் குளிரில் ஆறினால் சுமார் 2 பிஎஸ்ஐ குறையும். இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துவிடும். ஏற்காட்டில் இரவு தங்கிக் காலையில் அளந்தால், கீழே வைத்த அளவுதான் ஏறக்குறைய இருக்கும். ஆகவே மேலே போய்க் காற்றைத் திறந்துவிடவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். முழுச் சுமைக்கான அளவைக் காலையில் வீட்டிலிருந்து கிளம்பும் முன், டயர் சூடாவதற்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடியிருப்பது இயல்பு, அதைக் குறைத்தால் ஆறியபின் பற்றாக்குறை ஆகிவிடும்.

வாரா வாரம் ஒரே டயரில் மட்டும் குறைகிறது என்றால் சோப்புத் தண்ணீர் ஊற்றி வால்வையும் ரிம் விளிம்பையும் பாருங்கள். டயர் புதுசு, வால்வு பழசு என்று விட்டிருப்பார்கள்.

குழியில் டமால் என்கிறது, பக்கவாட்டில் புடைத்திருக்கிறது

185/65 ஆர்15இல் பக்கச்சுவர் 120 மி.மீ. 195/55 ஆர்16இல் 107. 205/45 ஆர்17இல் 92. குழியின் அடியை வாங்குவது அந்த மி.மீ.கள்தான். கிராமத்துச் சாலை, குவாரி லாரி போகும் சாலை அன்றாடம் உண்டு என்றால் 15க்கு மேல் ஆசைப்படாதீர்கள். புடைப்பு வந்த டயருக்கு வைத்தியம் இல்லை. உள்ளே நூல் அறுந்துவிட்டது. பஞ்சர் கடையில் பேட்ச் போட்டுத் தருகிறேன் என்று சொன்னாலும் கேட்காமல் மாற்றிவிடுங்கள்.

சீக்கிரம் தேய்கிறது

நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட். அங்கங்கே குழி குழியாக என்றால் ஷாக் அப்சார்பர். பட்டன் இடுக்கில் இருக்கும் சின்ன மேடு 1.6 மி.மீ. உயரம், பட்டன் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. மலை ஓட்டத்தில் முன் டயரின் வெளி ஓரம் கொஞ்சம் கூடுதலாகத் தேய்வது சகஜம், 10,000 கி.மீ.க்கு ஒரு முறை இடம் மாற்றிப் போட்டால் சமன் ஆகும்.

ஸ்டெப்னி மாட்ட வரவில்லை

அலாய் போட்டவர்களுக்கு மலைப்பாதையில்தான் இது தெரியவரும். புது அலாயின் நட்டு, டிக்கியில் இருக்கும் ஸ்டீல் ரிம்மில் சரியாக உட்காராமல் போகலாம். பழைய நட்டுகளைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருப்பீர்கள். அவற்றை ஒரு பையில் போட்டு ஸ்டெப்னியோடு வைத்திருக்க வேண்டும். குழல் போன்ற மெல்லிய நட்டு உள்ள அலாய்க்கு வண்டியோடு வந்த வீல் ஸ்பேனர் நுழையாது, அதற்கான சாக்கெட்டும் வேண்டும்.

சைஸையும் ஒப்பிடுங்கள். 195/55 ஆர்16 வண்டிக்கு 185/65 ஆர்15 ஸ்டெப்னி இருந்தால், மேலே போட்ட கணக்குப்படி இரண்டின் விட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான். தற்காலிகமாக ஓட்டலாம், ஸ்டிக்கரில் வேக வரம்பு போட்டிருந்தால் அதை மீற வேண்டாம். நாலு டயரையும் பெரிதாக்கிவிட்டு ஸ்டெப்னியை மட்டும் பழைய சைஸில் விட்டிருந்தால், அதை முன்பக்கம் மாட்டி மலை இறங்கக் கூடாது. பஞ்சர் ஆனது முன் டயர் என்றால், பின்னால் இருக்கும் நல்ல டயர் ஒன்றை முன்னுக்குக் கொண்டுவந்து, ஸ்டெப்னியைப் பின்னால் போடுங்கள். வேலை இரட்டிப்புதான். வளைவில் நின்று செய்யாமல், அகலமான ஓரம் வரும் வரை மெதுவாக உருட்டிக்கொண்டு போய், கையில் கிடைக்கும் கல்லை எடுத்து, தூக்காத பக்கத்துச் சக்கரத்துக்கு (முன்பக்கம் தூக்கினால் பின் சக்கரத்துக்கு, பின்பக்கம் தூக்கினால் முன் சக்கரத்துக்கு) அண்டை கொடுத்துவிட்டு ஜாக்கியை எடுங்கள்.